பங்கு போட்ட மாத்திரைகள்

இன்று காலை நம் பிள்ளையின் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். குப்பென்று அதே கருவாட்டு நாற்றம். அவனுக்கும் ஈரலில் கொழுப்பாம். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரைதான். கொழுப்புக்கும் கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்களாம். நேற்று மாதாப்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இதை ஏதோ புதுச் சங்கதி போலச் சொன்னபோதே எனக்கு உங்கள் மேல் பழைய கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

மௌலா அலி குவார்ட்டர்ஸில் இருந்தபோது கம்பெனி டாக்டர் உங்களுக்கும் இதையேதான் சொன்னார். குடிக்காத ஆளுக்கும் ஈரல் கெடும் என்று அவர் ஒருவர்தான் நம்பினார். காலனியில் யார் நம்பினார்கள்? "ஹவ் ஹவ், ஆமாமாம், காபி மட்டும்தான் குடிப்பாராம்!" என்று குழாயடியில் என் காதுபடவே சிரித்தார்கள். அந்த வாயை அடைக்கத்தான் நீங்கள் சோதனைக்கே சம்மதித்தீர்கள். மாத்திரையில் குணமானால் சாராயம் காரணமில்லை என்று ஊருக்குத் தெரியுமே என்றீர்கள்.

நீங்கள், எதிர்வீட்டுக்காரர், இன்னும் இருவர் என்று குடிக்காத நால்வரை டாக்டர் பொறுக்கினார். இருவருக்கு நிஜ மாத்திரை, இருவருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நால்வருக்கும் தெரியக் கூடாது. உங்கள் மூக்கைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? "நம்ம டப்பா நாறுது, எதிர்வீட்டுக்காரரோடது நாறலை" என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டீர்கள். அதோடு விட்டீர்களா? யூனியன் செயலாளர் ஆயிற்றே! ஞாயிற்றுக்கிழமை மற்ற மூவரையும் வீட்டுக்கு வரவழைத்து, எல்லா மாத்திரையையும் பேப்பரில் கொட்டிக் கலந்து, ஆளுக்குச் சமமாகப் பிரித்தீர்கள்.

"ஏங்க, மருந்துல போயி பங்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"செயலாளர் மட்டும் நல்ல மாத்திரையைத் தின்னுட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுடி."

கடைசியில் நால்வரின் ரத்தமும் ஒரே மாதிரி வந்தது. டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீங்களே பெருமையாக விஷயத்தைச் சொன்னீர்கள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கைக்கு ஐசா கரே சாப்?" ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நொந்துபோய்க் கேட்ட மனிதருக்குத் தொழிலாளர் ஒற்றுமை பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு வந்தீர்கள். சோதனை அத்தோடு நின்றது. அவரும் மாற்றலாகிப் போனார்.

அந்த மாத்திரை உங்களைக் காப்பாற்றியிருக்குமா? எனக்குத் தெரியாது, இன்றைய டாக்டருக்கே நிச்சயமில்லை. ஆனால் வயிறு வீங்கி நீங்கள் போன அன்று, உங்களிடம் பங்கு வாங்கித் தின்ற எதிர்வீட்டுக்காரரே நம் வாசலில் நின்று, "பாவம், யாருக்கும் தெரியாமப் பழக்கம் இருந்திருக்கும்போல" என்றார். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். எழுந்து போய் அறைந்திருக்க வேண்டும்.

நேற்று டாக்டர் நம் பிள்ளையிடம், "அப்பா குடிப்பாரா?" என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். "இல்லை!" என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். காரில் திரும்பும்போது உண்மையைச் சொல்லச் சொல்லி மெதுவாகக் கேட்டான்: "சச் போலோ அம்மா, டாடி நிஜமாவே டிரிங்க் பண்ணலையா?"

ஊருக்குச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. இனி உங்கள் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பங்கு போட்ட மகராசரே, இதை மட்டும் முழுசாக என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.