ஈரத்தலையில் முக்காடு கட்டாதே

புர்பாலிங்கா,
ஞாயிறு, கடை திறக்கும் முன்

என் மகளுக்கு, என் செல்லக் கெந்துக் வெனிங்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் இபு நானும் உன் பாபக்கும் அவர் குளத்து மீன்களும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, உன் குரலைக் கேட்டு இருபத்தைந்து நாளாகிறது. அங்கே ஜப்பானில் குளிர் தொடங்கிவிட்டதாமே, கம்பளிச் சட்டை போடுகிறாயா, சூடாக ஏதாவது சாப்பிடுகிறாயா, எதைக் கேட்டாலும் நீ "ம், இபு" என்று ஒரு வரி அனுப்புகிறாய், போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். யூலியாத்தி லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை உங்கள் முதியோர் இல்லத்துக்கே வேலைக்குத் திரும்புகிறாள், கையோடு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் எதிரில் பிரிக்காதே, தனியாக உட்கார்ந்து படி.

அன்று வீடியோவில் உன் சித்திகள் இருவரும் என் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தார்கள், நீ திரையில் வந்ததும் உன் முடி நெற்றியில் பசை தடவினதுபோல ஒட்டியிருந்தது. கடையில் ஒரு நாளைக்கு இருபது தலை கழுவுகிறவளுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதானே. சும்மா இருந்திருக்கலாம். "என்னடி இது, உன் தலையைப் பிழிஞ்சா ஒரு சட்டி மெந்தோவான் பஜ்ஜி பொரிச்சிடலாம் போலிருக்கே" என்றேன். சித்திகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், பிறகு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று துண்டித்துவிட்டாய். அன்று உனக்கு விடுமுறை என்பது எனக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்தது. உன் பாபக்கிடம் சொன்னேன், அவர் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஊர்த் தலையெல்லாம் கழுவுற, பெத்த பொண்ணு தலையில வாயை வெக்கிற, உன் வாய்க்குத்தான் முதல்ல ஷாம்பு போடணும்" என்றார். அன்றிலிருந்து அவரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, குளத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார்.

யூலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே, நான்தான் பிடுங்கினேன். நீ சாப்பாட்டு அறைக்கே வருவதில்லையாம், துணி துவைக்கிற அறையில் தனியாகச் சாப்பிடுகிறாயாம், மேற்பார்வை அம்மா உன்னைக் கூப்பிட்டு முக்காட்டிலிருந்து வாடை வருகிறது என்று சொன்னார்களாம், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஊருக்கே போய்விடுகிறேன் என்று அழுதாயாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை, வாடிக்கையாளர் தலையில் நுரையை விட்டுவிட்டு வாசலுக்குப் போய் வருகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

இப்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். நீ போனைத் துண்டித்த நாலாம் நாள் மதரசா ஆசிரியை இஸ்ரோஃபா கடைக்கு வந்தாள். உனக்கு எழுதலாம் என்று அவளே அனுமதி கொடுத்தாள். வந்தவள் நாற்காலியில் உட்காரவும் இல்லை, முக்காட்டை அவிழ்க்கவும் இல்லை, கதவைச் சாத்துங்கள் என்றாள். காலையில் அவள் வகுப்புக்குள் போனபோது மேசைமேல், வருகைப் பதிவேட்டுக்கு நடுவில், ஒரு ஷாம்பு பாக்கெட் இருந்ததாம். வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்து எழுதுவதுபோல நடித்ததாம். அவளும் பாடம் நடத்தி முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்திருக்கிறாள். முக்காட்டை நானே அவிழ்த்துப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றினால் முடியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, அடியில் தோல் சிவந்து செதில் செதிலாக இருக்கிறது. என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். "ராத்திரி ராத்திரி கெமிரிக் கொட்டை எண்ணெய் தேய்க்கிறேன் இபு, சுபுஹ் தொழுகைக்கு முன்னாடி எழுந்து கொதிக்கிற தண்ணியில அலசுறேன், உடனே முக்காடு கட்டிட்டு ஓடுறேன், காய வெக்க எங்க நேரம்" என்றாள்.

வெனிங், கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டேன். உனக்கு அந்த எண்ணெயைப் பாட்டில் பாட்டிலாக அனுப்பினவள் நான். முடி கொட்டுகிறது என்று நீ ஒருமுறை சொன்னதற்கு, தினமும் தேய், தினமும் தேய் என்று கேட்டுக்கேட்டு உன்னைத் தேய்க்க வைத்தவள் நான். தேய்க்க வைத்துவிட்டு நானே சிரித்தும் இருக்கிறேன். அன்றைக்கே எண்ணெயை நிறுத்து என்று செய்தி அனுப்பினேன், நீ "சரி" என்று போட்டாய். எண்ணெயை நிறுத்திய சரியா, என்னை நிறுத்திய சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

இஸ்ரோஃபாவுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். எண்ணெய் வேண்டாம், மிச்சம் இருந்தால் குதிகாலுக்குத் தடவிக்கொள். விடியலில் தலை கழுவாதே, வேலை முடிந்து வந்ததும் கழுவு, அப்போதுதான் காய நேரம் இருக்கும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, வெதுவெதுப்பு போதும். பிசுக்கு முடிக்கென்று இருக்கிற ஷாம்பு வாங்கு, பாட்டிலைப் பார்த்தால் உள்ளே தெளிவாக இருக்கும், பால்போலக் கெட்டியாக இருப்பது பெரும்பாலும் வறண்ட முடிக்கு. அதைக் கையில் நுரைத்து விரல் நுனியால் தோலில் தேய், நகம் படக்கூடாது, அலசிவிட்டு இன்னொரு முறை கொஞ்சமாகப் போடு, வழுக்கல் போகும்வரை அலசு, நீ எப்போதும் அவசரப்படுவது அங்கேதான். கண்டிஷனர் நுனிக்கு மட்டும், வேர்ப்பக்கமே கொண்டுபோகாதே. அரிப்பும் செதிலும் இருந்தால் பொடுகு ஷாம்பு வாரம் இரண்டு முறை, போட்டதும் அலசாமல் ஐந்து நிமிடம் விடு, ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் தோல் டாக்டரிடம் போ, வெட்கப்படாதே. முழுக்கக் காய்ந்த பிறகுதான் முக்காடு. இன்னொன்று, முக்காட்டுக்கு அடியில் போடுகிற உள் தொப்பியைத் தினமும் மாற்று, அந்த வாடை பாதி அதில்தான் இருக்கும், யூலி கொண்டுவரும் பார்சலில் பருத்தித் தொப்பி எட்டு வைத்திருக்கிறேன். தலையணை உறையும் சீப்பும் வாரம் ஒருமுறை கழுவு. ஏதோ எழுதாமல் விட்டதுபோலவே இருக்கிறது, யூலியிடம் வாயாலும் சொல்லி அனுப்புகிறேன்.

இஸ்ரோஃபா முந்தாநாள் வந்தாள். முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் செதில் இல்லை, வாடை இல்லை, முடி முடியாகப் பிரிந்து விழுகிறது. கடைக்குள் நுழைந்ததும் தானே முக்காட்டை அவிழ்த்தாள். யார் அந்தப் பாக்கெட்டை வைத்தது என்று கண்டுபிடித்தாயா என்றேன். "தேடவே இல்ல இபு. ஆனா அது வறண்ட முடிக்கான ஷாம்பு, வெச்ச கழுதைக்கு அதுகூடத் தெரியல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே உள்ளே போய் அழுதேன், அவள் தலை தேறிவிட்டது, உன் தலை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லையே.

ஊருக்கு வருவதென்றால் வா, கதவு திறந்துதான் இருக்கிறது, தோற்றுவிட்டாள் என்று யாரும் சொல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என் வாய்க்காகவும் என் எண்ணெய்க்காகவும் வேலையை விடாதே. ஒரு மாதம் இப்படிக் கழுவிப் பார்த்துவிட்டு முடிவு செய். என்னை மன்னித்துவிடு என்று நேரில் சொல்ல வராது, உனக்குத்தான் தெரியுமே, அதனால் இங்கே எழுதிவிட்டேன். சித்திகளிடமும் சொல்லிவிட்டேன், இனி நீ பேசும்போது அவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

அல்லாஹ் உன் உடம்பையும் மனதையும் காக்கட்டும், நீ தொட்ட வேலை துலங்கட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும். தொப்பிகளைப் போடும் முன் ஒருமுறை துவைத்துவிடு, புதுத் துணி. இதைப் படித்ததும் போன் பண்ணு. முகத்தைக் காட்ட வேண்டாம், கேமராவை மூடிக்கொண்டே பேசு, எத்தனை மாதமானாலும் சரி, தலையைக் காட்டு என்று நான் கேட்கவே மாட்டேன்.

உன் இபு,
சுமார்னி