நான் அழித்த செவ்வாயும் புதனும்

அன்புள்ள சிவபிரகாஷ் அண்ணனுக்கு,

நீயும் உன்னோடு அறையில் இருப்பவர்களும் காய்ச்சல் சளி இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்ற எதுவும் சரியாக இல்லாததால்தான் எழுதுகிறேன். போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். நம் வீட்டில் இருக்கும் ஒரே பெரிய போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, சொல்ல வேண்டியதும் அந்தப் போனைப் பற்றித்தான். அப்பாவின் பட்டன் போனில் பேசினால் நீ அங்கே பேசுவது இங்கே தெருவுக்கே கேட்கும். நம் தெருக் கதிரவன் அண்ணன் லீவு முடிந்து விடிந்ததும் ஓசூர் பஸ் ஏறுகிறார். அம்மா உனக்குக் கொடுத்துவிடும் சீப்புச்சீடை டப்பாவுக்கு அடியில் இதை மடித்து வைத்துவிடுவேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பஸ்ஸில் உட்கார்ந்து அவர்தான் முதலில் படிப்பார். அடுப்படி விளக்கில் எழுதுகிறேன், அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் பிசிக்ஸ் நோட்டை மேலே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அண்ணே, பொங்கலுக்கு வந்தபோது உன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதை ஒருமுறையாவது துடைத்துக் கொடுத்தாயா? உன் ஜிமெயில் அப்படியே இருக்கிறது. நீ விளையாடிய மூன்று விளையாட்டு, கிரிக்கெட் ஸ்கோர், பைக் விலை பார்க்கும் ஆப், வீடியோ ஆப் நான்கு, எல்லாம் இருக்கின்றன. அம்மா எதையும் திறப்பதில்லை. திறக்காவிட்டால் என்ன, அதுபாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. நமக்கு நெட் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புதுசாக வந்ததும் போட்டோவை எல்லாம் மேலே ஏற்றுகிற ஆப் ஒன்று வேலையைத் தொடங்கிவிடும், அம்மா கண் விழிப்பதற்குள் பாதி போயிருக்கும். மிச்சத்தை நீ குடும்பக் குரூப்பில் போடும் பைக் வீடியோ தின்றுவிடும், அது கேட்காமலே இறங்குகிறது. இதைப் பங்குனியிலிருந்து உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் “செட்டிங்ஸ்ல போயி ஆஃப் பண்ணிரு பிள்ள, அம்புட்டுத்தான்” என்றாய். எந்த செட்டிங்ஸ், எந்த இடத்தில், எதை, எதைத் தொடக் கூடாது, ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். அம்மாவிடம் சொன்னால் “எம் மகன் குடுத்த போனுல கோளாறு வராது, நீதான் ராத்திரி பூராம் படம் பாக்குற” என்று எனக்குத்தான் ஏச்சு. நான் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, ஒரு படம் பார்த்துவிட்டுத் திட்டு வாங்கினாலாவது மனசு ஆறியிருக்கும்.

அம்மா நூறு நாள் வேலையில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் மேட் ஆனது உனக்குத் தெரியும். என்ன செய்கிறார் என்று நீ கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். இப்போது பெரிய ஊருணிக்கு வரத்துக்கால் வெட்டுகிறார்கள், முப்பத்து நான்கு பேர். காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை எல்லோரையும் நிற்க வைத்து அம்மா அந்த வருகை ஆப்பில் போட்டோ எடுக்க வேண்டும். இரண்டு போட்டோவும் போய்ச் சேர்ந்தால்தான் அன்றைக்கு அவர்கள் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. அங்குட்டு டவர் கிடையாது. போட்டோ போனுக்குள்ளேயே காத்திருக்கும், அம்மா சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் நெட் கிடைத்துத் தானாகப் போய்விடும். அந்த நேரத்தில் நெட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன திங்கட்கிழமை இல்லை. அம்மா குன்றக்குடி ரோடு வரைக்கும் நடந்துபோய் மளிகைக் கடைக்காரரிடம் ஹாட்ஸ்பாட் கேட்டு வாங்கி அனுப்பிவிட்டு வந்தார். வந்ததும் எனக்குத்தான் ஏச்சு, “திருட்டுத்தனமாப் பாக்குறவளுக்கு எதுக்கு நெட்டு, இனிமே போனு எந் தலைமாட்டுலதான்” என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும் போனைப் பையோடு மாட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போனார். நான் எடுத்தேன். செட்டிங்ஸில் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று வரிசையாகக் காட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்தேன். உன் போட்டோ ஆப்தான் முதலில் நின்றது. ஒவ்வொன்றாக உள்ளே போய், திரையில் திறக்காதபோது நெட் எடுக்கக் கூடாது என்று மாற்றினேன். முதல் நாலைந்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அம்மா வருவதற்குள் முடிக்க வேண்டுமே, அப்புறம் பெயரைக்கூடப் படிக்கவில்லை, கடகடவென்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். வருகை ஆப்பையும் அடைத்துவிட்டேன் அண்ணே. அது போன் பூட்டியிருக்கும்போதுதான் போட்டோவை அனுப்பும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? செவ்வாய்க்கிழமை போட்டோ இரண்டும் உள்ளேயே நின்றுவிட்டன. நெட் தீரவே இல்லை. புதன்கிழமை சாயங்காலம் அம்மா போனைப் பார்த்துவிட்டு, “இன்னைக்குத்தான்டி நெட்டு நின்னுருக்கு. பாத்தியா, நீ கையில எடுக்கலைன்னா மிச்சமாகுது” என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் போதும். நான் மூடிக்கொண்டுதான் இருந்தேன், கைதான் சும்மா இல்லை.

புதன்கிழமை இரவு அம்மா குளிக்கப் போனபோது போன் இடமில்லை இடமில்லை என்று காட்டியது. சரி, குப்பையையும் கூட்டிவிடுவோம் என்று ஒவ்வொரு ஆப்பாகப் போய் ‘தரவை அழி’ என்பதை அழுத்தினேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி என்றேன். வருகை ஆப்பில் காத்துக்கொண்டிருந்த இரண்டு நாள் போட்டோவும் அதோடு போய்விட்டது. இன்று காலை ஆப் மறுபடி நம்பர் கேட்டிருக்கிறது, அம்மா அது அவ்வப்போது கேட்பதுதானே என்று ஓடிபி போட்டு உள்ளே போய்விட்டார். மத்தியானம் ஓவர்சியர் வேலை இடத்துக்கே வந்து, செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒருத்தர்கூட வேலைக்கு வரவில்லை என்று காட்டுகிறதே, என்ன மேட் இது என்று கேட்டிருக்கிறார்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், எனக்கு அது தெரியாது. ஆனால் காலையில் அம்மா நம்பர் கேட்கிறது என்று சொன்னபோதே நான் அழித்ததால்தான் என்று தோன்றிவிட்டது. கம்ப்யூட்டர் எடுக்கிற சித்ரா டீச்சரிடம் போய், என் தோழி வீட்டுப் போனில் இப்படி ஆகிவிட்டது என்று கேட்டேன். பின்னால் ஓடுவதை நிறுத்துவது வேறு, அதை எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடலாம், தரவை அழிப்பது வேறு, அனுப்பாமல் வைத்திருந்தது எதுவோ அது திரும்ப வராது என்றார். எந்த ஆப் எதற்கு ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைக்க வேண்டும் என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நீ பங்குனியில் சொல்லியிருக்கலாம். அப்புறம் டீச்சர் என் முகத்தைப் பார்த்து, “தோழி ரொம்பப் பயந்து போயிருக்காளோ?” என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் போன் கையில் கிடைத்ததும் முதலில் வருகை ஆப்புக்குப் போட்ட அடைப்பை எடுத்தேன். ஒருவேளை உன் போட்டோ ஆப் அந்தப் படங்களையும் மேலே ஏற்றியிருக்குமோ என்று அதையும் நைசாகத் திறந்து பார்த்தேன். நீ ஓசூரில் தின்ற பிரியாணி பதினாறு இருக்கிறது. வெயிலில் நின்ற முப்பத்து நான்கு பேரில் ஒரு முகம்கூட இல்லை, வருகை ஆப் எடுப்பதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறதாம்.

நான் வீட்டுக்கு வரும்போது வாசலில் வரத்துக்கால் வெட்டுகிறவர்கள் கூட்டம், ஓவர்சியரும் வந்திருந்தார். ஒச்சம்மாள் அத்தைதான் முன்னால் நின்றார். “போட்டோவுக்கு நில்லு நில்லுன்னு உச்சி வெயில்ல நிக்க வச்சியே நாச்சியா, எங்க மூஞ்சியெல்லாம் எங்குட்டுப் போச்சு? வித்துட்டியா?” என்று கேட்க, பின்னால் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஓவர்சியரையும் விடவில்லை, “சார், நீக ஆபீஸ்ல உக்காந்து போனைப் பாக்குறீக, கால்வாயைப் பாத்தீகளா? ஆளு வராமயா அம்புட்டு ஆழம் போயிருக்கு?” என்றார். அவர் பாவம், நல்ல மனிதர்தான். அம்மாவின் நோட்டில் எல்லோர் கையெழுத்தும் கைநாட்டும் இருக்கிறது, அதோடு என்ன நடந்தது என்று எழுதிக் கொடுத்தால் மேலே கேட்டுப் பார்க்கலாம், ஆனால் தானாகப் போய்விட்டது என்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள், எப்படிப் போனது என்று சொல்லுங்கள் என்றார். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதற்குள் யாரோ ஒருவர், வேண்டாதவர்களுக்கு வருகை விழக் கூடாது என்று மேட்டே அழித்திருப்பார், ஒன்றை அழிக்கப்போய் எல்லாம் போயிருக்கும் என்று முணுமுணுத்தார். அம்மா முகம் எப்படி ஆனது தெரியுமா? அவ்வளவு கூட்டத்தில் என்னைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். “நாளைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் கருப்பர் கோயிலுக்கு வாங்க. நானோ எம் பிள்ளைகளோ அந்தப் போனுல எதையும் அழிக்கலைன்னு இவ தலையில கைய வச்சு, சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன். எம் மக அந்தப் போனைத் தொடவே மாட்டா” என்றார். நம் வீட்டுக்குள் நான் நெட் திருடி, ஊருக்கு முன்னால் நான் போனைத் தொடாத பிள்ளை. ஒச்சம்மாள் அத்தைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “பிள்ளை தலையில எல்லாம் கைய வைக்காத நாச்சியா, உன் வாயால சொன்னாப் போதும்” என்றார். அம்மா கேட்கவில்லை. அப்பா ஆத்தங்குடியிலிருந்து வேலை முடிந்து வந்ததும் விஷயம் தெரிந்து, மேட் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் விட்டுவிடு என்றார். விட்டால் தானே அழித்ததாக ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இந்தத் தாளை எடுத்தேன். நீ அம்மாவைக் கூப்பிட்டு, உன் ஜிமெயில் அதில் இருப்பதால் அங்கிருந்தே நீதான் தெரியாமல் அழித்துவிட்டாய் என்று சொல்ல வேண்டும். உன்னை அம்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நீ சொன்னால் நம்புவார். பாதித் தப்பு உன்னுடையதுதானே, முழுசாக ஏற்றுக்கொண்டால் என்ன என்றுகூட எழுத இருந்தேன். ஆனால் இவ்வளவும் எழுதிவிட்டு மணியைக் கணக்குப் பார்த்தேன். கதிரவன் அண்ணன் பஸ் ஓசூர் போய்ச் சேரவே ஐந்து ஆகும், உன் அறைக்கு அவர் வருவதற்குள் ஏழாகிவிடும். இங்கே ஆறு மணிக்குச் சூடம் ஏற்றிவிடுவார்கள். ஒருவேளை நீ முன்னதாகவே கூப்பிட்டாலும், அம்மா அதை அப்படியே ஓவர்சியர் கேட்ட தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், அதுவும் பொய்யாகத்தான் இருக்கும். அம்மா அடிப்பார் என்று பயமில்லை, அடித்தால் வாங்கிக்கொள்வேன். தெரியாமல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு அம்மா நிம்மதியாக வீட்டுக்கு வருவாரே, அந்தக் கை என் தலையில் இருந்த கை, அப்புறம் ஆயுசுக்கும் நான் எப்படி வாயைத் திறப்பேன்?

அதனால் நானே சொல்லப்போகிறேன். கதிரவன் அண்ணன் பையை வாங்கிக்கொண்டு போனதும், அம்மா மண்வெட்டி எடுக்கும் முன்னால். முதலில் அம்மாவிடம், அப்புறம் ஒச்சம்மாள் அத்தை வீட்டு வாசலில் போய் அவரிடம். எந்த நாள், எந்த நேரம், எதை அழுத்தினேன் என்று ஓவர்சியருக்கும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன், இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. இரண்டு நாள் திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. மேட் வேலை நிற்குமா என்றும் தெரியாது. ஆனால் எழுதி முடித்ததால் இனி மாற்றிச் சொல்ல முடியாது.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அம்மா சொன்னது போலவே எடுத்துக்கொள். இதைப் படித்ததும் அந்தப் போட்டோ ஏற்றுவதை நீ அங்கிருந்தே நிறுத்து, உன் ஜிமெயிலை இந்தப் போனிலிருந்து எடு. குரூப்பில் பைக் வீடியோ போடாதே, ஓட்டும்போது எடுக்கவும் எடுக்காதே. சீடையை அறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு நீயும் நாலு சாப்பிடு. இனிமேல் யார் எதைக் கேட்டாலும் அம்புட்டுத்தான் என்று சொல்லாதே, உட்கார்ந்து சொல்லிக்கொடு. கருப்பர் உனக்குத் துணை இருக்கட்டும், நீ நல்ல சம்பளத்தில், நல்ல உடம்போடு இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, இதைப் படிக்கிற வெள்ளிக்கிழமை இரவே கட்டாயம் கூப்பிடு. அம்மாவிடமே முதலில் பேசு. அவர் போனை என்னிடம் கொடுத்தால் நான் பேசுகிறேன். கொடுக்காவிட்டால் நீயாக என்னைக் கேட்காதே, அவர் தருகிற அன்றைக்கு நானே கூப்பிடுகிறேன்.

உன் தங்கை,
சத்தியப்பிரியா