தொப்புள்கொடி அறுப்பு

ஏப்ரல் 12, சனி

இன்று சோளத்துக்குத் தொப்புள்கொடி அறுத்தோம். எங்கள் தோங்யோங் துறைமுக ஊரின் கயாக் படகுக் குழுவில் யாருக்கும் நிஜப்பெயர் கிடையாது, இணையத்தில் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்தான். அவள் 'அவிச்ச சோளம்'. தலைவர் 'ஆமை'. நான் 'நெத்திலி' - இந்தத் தொப்பையோடு.

துடுப்பைப் படகோடு சேர்த்துக் கட்டும் கயிறுதான் தொப்புள்கொடி; அது எங்களிடம் புதியவர்களுக்கு மட்டும். ஒரு வருஷம் முடிந்ததும் கத்தரிக்கோலால் அறுத்து, குழந்தைக்கு ஒரு வயசு விழா கொண்டாடுகிற மாதிரி அரிசிக் கேக் ஊட்டுவோம். இதைக் கண்டுபிடித்த மேதை அடியேன்.

சோளம் தயங்கினாள். "அண்ணே, அது இருந்தா ஒரு தைரியம்."

"கயிறு கட்டி நாயைக் கூட்டிட்டுப் போவாங்க. துடுப்பையுமா?"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வெட்டினாள். நாற்பத்தொன்பது வயசுக் கைக்குழந்தை!

ஏப்ரல் 15

மீதிக் கேக்கை மனைவி தின்று முடித்தாள். விழாதான் பிடிக்கவில்லையாம். "உங்க வாய்க்கு ஒரு கயிறு கட்ட ஆளில்லையா?"

ஏப்ரல் 19, சனி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா?

தீவைச் சுற்றித் திரும்பும்போது போட்டோவுக்கு எல்லோரையும் நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன். "ரெண்டு கையும் தலைக்கு மேல! வளைச்சு இதயம் மாதிரி பண்ணுங்க!" துடுப்புகளை மடியில் போட்டுவிட்டுப் பண்ணினார்கள். ஒரு படம் எடுத்திருப்பேன், ஃபெர்ரி ஒன்று கிளப்பிவிட்ட அலை வந்து எங்களைத் தூக்கிப் போட்டது. ஊளையிட்டுச் சிரித்தோம். கிளம்பினோம். சோளம் எப்போதும் கடைசியில்தான் வருவாள்.

துறைக்கு வந்து எண்ணினால் பதினொன்று. போனது பன்னிரண்டு பேர்.

தலைவர் கடற்காவல்படைக்குப் போன் போட்டார்.

"காணாமப் போனவங்க பேரு?"

"சோளம்... அவிச்ச சோளம்."

"ஐயா, விளையாடுற நேரமா இது?"

ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷமாக ஒரே பானையில் நூடுல்ஸ் தின்றிருக்கிறோம். அவள் பெயர் தெரியாது!

காற்று முதலில் படகைக் கொண்டுவந்து சேர்த்தது. கவிழ்ந்த படகு. ஆள் இல்லை.

ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்?

ஏப்ரல் 20

இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். சிப்பிப் பண்ணை மிதவை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி எண்பது நிமிஷம் கிடந்திருக்கிறாள். பண்ணைக்காரர் எதேச்சையாகப் பார்த்துத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்; எங்களுக்குச் சேதி வர நடுராத்திரி ஆகிவிட்டது. பெயர் ப்யோன் ஹே-ரன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்டியிருந்ததைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 22

கடல்நத்தைக் கஞ்சி எடுத்துப் போனேன். அவள் உதடு இன்னும் வெடித்திருந்தது.

"அலையில துடுப்பு நழுவிருச்சு அண்ணே. எட்டிப் பிடிக்கப் போய்க் கவுந்துட்டேன். துடுப்பு கைக்கு வந்துச்சு, படகு காத்தோட போயிருச்சு. கயிறு இருந்திருந்தா ரெண்டும் என்கிட்டயே இருந்திருக்கும்."

கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன்.

"உங்களைத்தான் கூப்பிட்டேன். கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினேன். திரும்பிப் பாத்தீங்க." கஞ்சியைக் கிளறினாள். "பாத்துட்டு, இதயம் பண்ணிக் காட்டினீங்க."

ஆமாம். காட்டினேன். இன்னும் போட்டோ விளையாட்டிலேயே இருக்கிறாள் என்று நினைத்தேன். தண்ணீருக்கு மேலே தலையும் கையும் மட்டும் இருந்ததை எப்படிப் பார்க்காமல் போனேன்?

சனிக்கிழமை எழுதும்போது இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். இந்த நோட்டை என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? யாரிடம் மறைத்தேன்?

மே 3

குழுக்கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுந்ததுமே இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள், பழக்கதோஷம். பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இனிமேல் கயிறு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, தலைவர் உட்பட. விழா ரத்து.

ஜூன் 8, ஞாயிறு

ஹே-ரன் வந்தாள்! முழங்கால் தண்ணீரிலேயே கால்மணி நேரம் நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்க என் பின்னாடி வாங்க அண்ணே. நான் கையைத் தூக்கினா நீங்களும் தூக்கக்கூடாது. வரணும்."

போனோம். நானூறு மீட்டர் இருக்கும். அமைதியான கடல். திடீரென்று கையைத் தூக்கினாள்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. அவள் படகில் போய் மோதித்தான் நின்றேன். மூச்சு வாங்குகிறது.

"என்ன... என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள். "வர்றீங்களான்னு பாத்தேன்."