நிலோபர் சாப்பிடத்தான் செய்தாள்

மச்சானுக்கு, பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டிலிருந்து மைமூன் சலாம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? மூத்தவன் மகள் இக்ரா பள்ளியில் முதலாவதாம். நம் இளைய மகன் நவ்சாத், தினமும் எல்லை தாண்டிப் போய்வரும் சிங்கப்பூர் வேலையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான்.

அவன் பெண்டாட்டி நிலோபருக்கு எட்டாம் மாதத்திலும் வயிறு சிறிதாக இருக்கிறதே, அவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். நேற்று டாக்டரம்மா நஞ்சுக்கொடியின் விறைப்பைப் பார்க்கும் புது ஸ்கேன் எடுத்தார்.

“நஞ்சுக்கொடி விறைப்பா இருக்குதும்மா. அதான் பிள்ளைக்கு ரத்தம் கம்மியாப் போயி வளர்ச்சி குறையுது. இவங்க சாப்பாட்டுல குறை இல்ல லா” என்றார் இந்த ஊர்ப் பேச்சில்.

“இப்பவாச்சும் நம்புறீங்களா மாமி?” என்றாள் நிலோபர். எனக்கு முகம் நிமிரவில்லை.

பயப்படாதீர்கள், அடிக்கடி வரச்சொல்லிப் பார்க்கிறார்கள். தலைப்பிரசவத்துக்கு ஊரிலுள்ள தாய்வீட்டுக்கு அனுப்பாமல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமை பேசியதும் நான்தானே. இனி அவள் விமானம் ஏறக்கூடாதாம். அவள் உம்மாவை நேரில் பார்த்து, என்னைப் பொறுத்துக்கொண்டு புறப்பட்டு வரச்சொல்லுங்கள். அதுவரை இவள் தலைமாட்டில் வைக்க, அவள் உம்மாவின் புதுப் படம் ஒன்றைத் தபாலில் போடுங்கள்.