ஆற்றின் நடுவே ஒரு சென்றி

அம்மா,

இன்று காலை மெல்பேர்ணில், வில்லியம்ஸ்டவுன் படகுத்துறையில் நின்றபோது டீசல் மணமும் ஈரக் கயிற்றின் மணமும் ஒன்றாக வந்தன. எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மூச்சை ஆழமாக இழுத்தேன். ஜேர்மனியில், ரைன் நதிக்கரையில் என் கையைப் பிடித்தபடி நீங்கள் படகுக்குக் காத்திருந்த காலையும் இப்படித்தான் மணத்தது.

எங்கள் வீட்டில் ஒரு சொல் இருந்தது: கிறைஸ். ட்ருகனினாவில் நான் சைக்கிள் பழகிய நாட்களில் வாசலில் நின்று, “அந்தச் சந்தியோட கிறைஸ் முடிஞ்சுது, அங்கால போகாதை!” என்று கத்துவீர்கள். நான் அதை நல்ல தமிழ் என்றே நம்பியிருந்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், ‘எங்கள் வீட்டுக்கு ஒரு கிறைஸ் உண்டு’ என்று கட்டுரை தொடங்கினேன். ஆசிரியை அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டார். நீங்கள் கொப்பியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “ரீச்சர் சரியாத்தான் போட்டிருக்கிறா. கிறைஸ் எண்டா ஜேர்மன்காரருக்கு வட்டம்தானே.”

மாவட்டத்துக்கும் அதுதான் அவர்களின் சொல் என்று பிறகுதான் அறிந்தேன். ஜேர்மனிக்கு அகதியாக வந்தவர்கள், விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை, தங்கள் மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. உங்கள் இளமையின் சில வருடங்கள் அப்படி ஒரு வட்டத்துக்குள் கழிந்தன. நீங்கள் இருந்த விடுதி நதியின் இக்கரையில். மாவட்டத்தின் எல்லையோ நதிக்குள். அந்த எல்லைக்குச் சற்று அப்பால், தண்ணீருக்கு நடுவே, வெள்ளைச் சுவரும் கூரான முனையுமாக நங்கூரமிட்ட கப்பல்போல ஒரு பழைய கோட்டை. ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் என்ற அதன் பெயர் உங்கள் வாயில் நுழையவில்லை. ‘கப்பல் கோட்டை’ என்றீர்கள். மூன்றாம் மாடி யன்னலில் உடுப்புக் காயப்போடும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறீர்கள். சுற்றுலாக்காரர்கள் அங்கே போய் இறங்குவதையும் பார்த்திருக்கிறீர்கள். பிறகு அப்பாவைக் கட்டி மெல்பேர்ணுக்கு வந்துவிட்டீர்கள்.

நுரையீரலில் வந்திருப்பது இனிப் போகாது என்று டொக்டர் சொன்ன அன்று, காரில் ஏறி பெல்ட்டைப் போட்டதும், “உனக்கு லீவு எடுக்கேலுமே?” என்று கேட்டீர்கள்.

“எதுக்கம்மா?”

“கப்பல் கோட்டைக்குள்ள ஒருக்காப் போகவேணும்.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். ஆனால் ஜேர்மனியில் ஹோட்டல் வாசலிலும் ரயில் நிலையத்திலும் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். இருமிக்கொண்டே, துருப்பிடித்த ஜேர்மனில் எல்லாரோடும் நீங்கள்தான் பேசினீர்கள். கொலோன் பேராலய வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினீர்கள். “அம்மா, இஞ்ச கழற்றத் தேவையில்லை, எல்லாரும் பாக்கினம்,” என்று கிசுகிசுத்தேன். “பாக்கட்டும். கோயில் எண்டா கோயில்தானே,” என்று காலுறையோடு அந்தக் குளிர்ந்த கல்லில் நடந்தீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சப்பாத்து இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

நதிக்கரைக்கு வந்தபோது வெள்ளம். கோட்டைக்குப் படகு இல்லை என்று அறிவித்தல் தொங்கியது. அடுத்த நாளும் அதே அறிவித்தல். எங்களுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. இன்னொரு பயணத்துக்கு உங்கள் மூச்சு இடம் தராது என்பது இருவருக்கும் தெரியும். கடைசி நாள் விடிந்ததும் யன்னலைத் திறந்தீர்கள். “எழும்படி பிள்ளை, கோட்டைப் படி தெரியுது! வடிஞ்சிட்டுது!”

முதலில் பெரிய படகில் அக்கரை. அங்கிருந்து சின்னப் படகில் தீவு. பெரிய படகில் ஏறியதும் ரிக்கற் பார்ப்பவர் கையை நீட்டினார். நீங்கள் கைப்பையைத் திறந்து ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டை எடுத்து, படம் உள்ள பக்கத்தை விரித்து, அவர் முன்னால் நீட்டினீர்கள். அவர் ஒன்றும் விளங்காமல் உங்களைப் பார்த்தார். “ரிக்கற்,” என்றார் மெதுவாக. பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அவசரமாக ரிக்கற்றைக் கொடுத்தேன். நீங்கள் பாஸ்போர்ட்டை மூடவில்லை. படகு நடு நதியைத் தாண்டும்வரை விரித்தபடியே வைத்திருந்தீர்கள்.

இது போருக்காகக் கட்டிய கோட்டை இல்லை, கப்பல்களிடம் வரி வாங்கக் கட்டியது என்றார் கோட்டையில் இருந்த வழிகாட்டி. நதிக்குக் குறுக்கே சங்கிலி போட்டு மறிப்பார்களாம். வரி கட்டாதவனைக் கிணற்றுக்குள் ஒரு மிதக்கும் பலகையில் இறக்கிவிடுவார்களாம். மற்றவர்கள் கிணற்றைப் படம் எடுத்தார்கள். நீங்கள் என் காதுக்குக் கிட்ட வந்து, “எடி பிள்ளை, இவ்வளவு காலமும் நான் வாயைப் பிளந்து பாத்தது ஒரு சென்றியையே!” என்றீர்கள். ஊரில் ஆமி வீதியை மறித்து அடையாள அட்டை கேட்கும் இடத்துக்கு அதுதானே பெயர். சிரிக்கத் தொடங்கினீர்கள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நெடுநேரம் ஆனது. உங்கள் முதுகைத் தடவினேன். சட்டைக்குள் எலும்பு தட்டுப்பட்டது.

பிறகு சுவரில் இருந்த ஒடுங்கிய துவாரத்தின் வழியே இக்கரையைப் பார்த்தீர்கள். அந்த விடுதியை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். இப்போது மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். நீங்கள் துவாரத்துக்கு வெளியே கையை நீட்டி அசைத்தீர்கள்.

“ஆருக்கம்மா கை காட்டுறீங்கள்?”

“அங்க மூண்டாம் மாடியில ஒரு பெட்டை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிக்கிறாள்.”

அந்த யன்னலில் பூச்சாடிகள் மட்டும் இருந்தன.

“இஞ்ச வாற சனத்தில ஒருத்தராவது திரும்பிப் பாக்கமாட்டினமோ எண்டு நினைக்கிறனான். ஒருத்தரும் பாக்கேல்லை,” என்றீர்கள்.

அடுத்து வந்த குளிர்காலத்தில் போய்விட்டீர்கள். மரணச்சடங்கில் உங்களோடு பொதிசெய்யும் இடத்தில் வேலை செய்த அன்ரி ஒருவர் என் கையைப் பிடித்து, “கொம்மா அந்தக் கோட்டைக் கதையைச் சொல்லிச் சொல்லி எங்களை வேலை செய்ய விடேல்லை,” என்று அழுதார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். நீங்களென்றால் ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்கவைத்திருப்பீர்கள்.

இந்த வருடம் தனியாக மறுபடியும் ஜேர்மனிக்குப் போனேன். உங்கள் மூச்சுக்கு எட்டாமல் விட்டுவந்த இடங்களைப் பார்க்க. எங்கே போனாலும், பார்க்கப் போன இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அங்கிருந்து எந்த வீடுகள் தெரிகின்றன என்றுதான் தேடுகிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கம்தான்.

வூப்பர்டால் என்ற ஊரில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ஆற்றுக்கு மேலே ஓடுகிற ரயில் ஒன்று இருக்கிறது. வீடுகளின் யன்னல்களுக்கு மிக அருகால் போகிறது. பெட்டியில் எல்லாரும் கீழே ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாடிவீட்டுக் குசினியில், தலையில் துணி கட்டிய பெண் ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அலுவலக லிஃப்டில் தெரிந்தவருக்கே தலையசைக்கக் கூசுகிற நான், எழுந்து நின்று கையை உயர்த்தினேன்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நுரை படிந்த கை மேலே வரத் தொடங்கியது. அதற்குள் ரயில் வளைந்துவிட்டது, அம்மா.