பசைப் பிரிவில் மரத்துப்போன கால்கள்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வழக்கமான சண்டை சச்சரவோடு இருக்கிறோம், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தால் எங்களுக்கு வேறென்ன வேண்டும். தம்பி பரீட்சையில் தேறிவிட்டான், கணக்கில் மட்டும் மயிரிழையில். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று பேச்சை மாற்றிவிடுகிறாள், அதனால்தான் இந்தக் கடிதம், பொறுமையாகக் கடைசிவரை படி.

மழைக்கு முன்னால் எங்கள் செருப்புக் கம்பெனியில், அம்மா வேலை பார்க்கும் பசைப் பிரிவுக்குப் புதுப் பசை வந்தது, சட்டென்று காய்கிறது என்று சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். காற்றை வெளியே தள்ளும் ஃபேனை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவரவில்லை, ஓட்டையை அட்டையால் அடைத்துவிட்டார்கள், பசையில் தூசி படியும் என்று ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். பெட்டி கட்டும் இடத்திலிருந்து நான் அந்தப் பக்கம் போனாலே தலை கிறுகிறுக்கும். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், அம்மாவுக்குப் பக்கத்து மேசைக்காரி, நீ நெட்டையக்கா என்று கூப்பிடுவாயே அவள், ஒற்றைச் செருப்போடு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், இன்னொன்று பத்தடி பின்னால் கிடந்தது, கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. செருப்புக் கம்பெனிக்காரிக்கே செருப்பு இல்லையா என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அடுத்த வாரம் அவள் படியில் விழுந்தாள். பிறகு இன்னொரு பெண்ணுக்குப் பொத்தான் போட முடியவில்லை. போன மாதம் உன் அம்மா கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தாள், கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் கையை உதறினாள்.

சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "வயசாகுதுண்ணே, சத்து மாத்திரை வாங்கிக் குடுங்க" என்றான். படியில் விழுந்த நெட்டையக்காவுக்கே இருபத்தாறு வயதுதான். பசை டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டு பாதி கிழிந்திருந்தது, மிச்சத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் பாதத்தில் குத்தினார். "எப்ப டாக்டர் குத்தப் போறீங்க" என்று அம்மா கேட்டாள். பாதத்தில் ரத்தப் பொட்டு வந்துவிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்தப் பசையோட ஆவி நரம்பைக் கெடுக்குது, இன்னைக்கே நிறுத்துங்க, நிறுத்தினாலும் கொஞ்ச நாள் மரத்துப்போறது கூடிக்கிட்டேதான் போகும், எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். அம்மா அன்றோடு நின்றுவிட்டாள், மற்றவர்கள் நின்றால் அடுப்பு எரியாது.

ஃபேனை மாட்டுங்கள், ஜன்னலைத் திறங்கள், பழைய பசையைக் கொடுங்கள் என்று பதினோரு பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள், அதில் ஐந்து பேர் பேனா பிடிக்க முடியாமல் கைரேகை வைத்தார்கள். மறுநாள் எல்லா டிரம்மிலும் மிச்சமிருந்த சீட்டைச் சுரண்டியிருந்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளருக்கு நகல் அனுப்பினோம், வியாழக்கிழமை வருகிறாராம். அது கம்பெனிக்கு எப்படித் தெரிந்ததோ, அன்று பசைப் பிரிவுக்கு மட்டும் சம்பளத்தோடு லீவு என்று பலகையில் எழுதிவிட்டார்கள். இன்று காலை அட்டையை எடுத்துவிட்டு ஃபேன் வந்து உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், சுற்றவில்லை. பின்னால் ஒயரே இல்லை. அம்மாவிடம் சொன்னதற்கு, "லீவு அவங்களுக்குத்தானே, எனக்கு யாரு லீவு குடுக்கறது, நான் கேட்டுல இருப்பேன், வர்றவர் என் காலைப் பாத்துட்டு உள்ள போகட்டும்" என்கிறாள். அவளால் நிற்க முடியாது, அதனால் நாற்காலி கொண்டுபோகிறேன். என் வேலை அன்றோடு போகலாம், போகட்டும்.

ஆனால் கண்ணு, எனக்குத் தூக்கம் போனது இதனால் இல்லை. போன கடிதத்தில் நீ, கம்பெனியில் போன் கண்ணாடி துடைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், அறை குளுகுளுவென்று இருக்கிறது, ஜன்னலே கிடையாது, துடைக்கிற தண்ணி துடைத்ததும் காய்ந்துவிடுகிறது என்று பெருமையாக எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை போனில், படி ஏறினால் பஞ்சு மேல கால் வைக்கிற மாதிரி இருக்கு, அசதிதான் என்றாய். அசதி இல்லையம்மா. அந்தத் தண்ணி வரும் டப்பாவின் மேல் போட்டிருப்பதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி அனுப்பு, அங்கே ஒரு டாக்டரிடமும் காட்டு. கூட இருக்கும் பெண்களிடமும் கை கால் மரக்கிறதா என்று கேள், வெட்கப்பட்டு மறைப்பார்கள், விடாமல் கேள்.

நீ நீண்ட நாள் நல்ல காலோடும் கையோடும் வாழ வேண்டும், அம்மாவும் இதையேதான் சொல்கிறாள். பதிலை உன் கையாலேயே எழுது, யாரையும் எழுதவைக்காதே. பேனா நழுவினால் கடிதமே வேண்டாம், சம்பளத்துக்குக்கூடக் காத்திருக்காமல் வண்டி ஏறி வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா