கிடாவும் உன் கேசட்டும்

காரோடு,
மே 1995

அன்பு மகள் அஜிதாவுக்கு அம்மா எழுதுவது. மாடன் தம்புரான் துணையால் நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தை போனில் உன் வாயாலேயே கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அங்கே சீமையில் கப்பலுக்கு ஆடும் கன்றும் ஏற்றிப்போன லாரியை மறித்து உட்கார்ந்ததற்காக உன்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்று கேட்டதும், பிள்ளை கேஸில்லாமல் வெளியே வந்தால் கோயில் கொடைக்குக் கிடா வெட்டுகிறேன் என்று மாடனுக்கு நேர்ந்துகொண்டேன், வேறு வழி தெரியவில்லை. நீயும் வந்துவிட்டாய். ஸ்டேஷன் வாசலில் மழையில் காத்துநின்று உனக்குச் சாயா வாங்கித் தந்தார்களாமே உன் பாட்டுக்கூட்டத்துப் பிள்ளைகள், போட்டோவில் சேவல் கொண்டை மாதிரி முடியை நிறுத்தி வைத்திருப்பவர்கள், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது, மனசு தங்கம்.

கிடாவை வாங்கிப் பிலாமரத்தில் கட்டிய பிறகுதான் உன் கேசட் வந்தது. நீங்கள் தொண்டை கிழியக் கத்துகிற அந்த பங்க் பாட்டைப் போட்டதும் அப்பா, பிள்ளைக்க கை கதவுல மாட்டிப்போச்சா என்று கேட்டார். பாடுகிறவர்களில் பாதிப்பேர் இறைச்சி தொடமாட்டார்கள் என்றும், கேசட் உறைக்குள்ளேயே மிருகங்களுக்காக நோட்டீஸ் வைப்பார்கள் என்றும் நீ எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டுக் காலேஜ்காரன் சிஜு விளக்கினான், பாட்டுக்கும் பொருள் சொன்னான். லாரியில் போகிற ஆட்டுக்கும் அம்மா உண்டு என்று பாடியிருக்கிறாயே மக்கா, அதற்குப் பிறகு கிடாவின் முகத்தைப் பார்த்துத் தின்னக் குழை போட என்னால் முடியவில்லை. இங்கே கொட்டடிப்பது கிடாவை வெட்ட, அங்கே நீங்கள் கொட்டடிப்பது காப்பாற்ற. ஆனால் நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கொடையன்று, மாடன் வந்து ஆடுகிற ராஜையா அண்ணன் வெட்டுகத்தியோடு என் முன்னால் நின்று, எனக்க கிடா எங்க என்று கேட்டார். நான் கயிற்றை விடாமல் அழுதுவிட்டேன். தம்புரானே, ஆட்டுக்காக ஸ்டேஷன்ல கெடந்த பிள்ளைக்கு ஆட்டையே வெட்டினா அவ எனக்க மொகத்தப் பாப்பாளா, தந்தது உமக்குத்தான், உசிரோட எடுத்துக்கிடும் என்றேன். கொட்டு நின்றுபோனது. சாமி என்னையே பார்த்துவிட்டு, கிடாவின் நெற்றியில் திருநீறு பூசி, இது எனக்கதாக்கும், ஒருத்தனும் தொடப்பிடாது என்று சொல்லிக் கயிற்றை அறுத்துவிட்டது. மாடனுக்கும் நன்றி, உனக்கும் நன்றி மக்கா. இப்போது அது ஊர்முழுக்க மேய்கிறது, நேர்ந்துவிட்ட கிடா என்பதால் யாரும் கல்லெடுப்பதில்லை. மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்காரர்கள் என்னிடம் வந்துதான் சண்டை போடுகிறார்கள், வடக்கு வீட்டு விஜயம்மா தன் வாழைக்கன்றை அது தின்ற நாளிலிருந்து என்னிடம் பேசுவதில்லை.

ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, பாடி முடித்ததும் சுக்குவெள்ளம் குடி. மாடனும் அந்தக் கொண்டைக்காரப் பிள்ளைகளும் எப்போதும் உன் பக்கத்தில் நிற்கட்டும். மெதுவாகப் பாடக்கூடாதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன், அதை விட்டுவிடு. நீ அங்கே கத்தியதில் இங்கே ஒரு கிடா பிழைத்திருக்கிறது.

உன் அம்மா
ரெத்தினபாய்